முன் சக்கரம் லாக், பின் சக்கரம் உருளல்: ஒரு பாஹா வண்டியின் பின் பிரேக் ஆய்வு

2007-இல் இந்தோர் அருகே பீதம்பூரில் தொடங்கிய பாஹா எஸ்ஏஇ இந்தியா போட்டிக்குக் கல்லூரி மாணவர்கள் கட்டும் ஒற்றை இருக்கை ஏடிவி-களுக்கு (கரடுமுரடான தரையில் ஓடும் சிறு வண்டிகளுக்கு), டிராக்கில் இறங்குமுன் ஒரு வாசல் உண்டு: பிரேக் டெஸ்ட். வண்டியை ஓட்டி வந்து பெடலை மிதித்தால் நான்கு சக்கரங்களும் லாக் ஆக வேண்டும். ஒன்று உருண்டாலும் தேறாது. தேறாத வண்டி டைனமிக் (ஓட்டிக் காட்டும்) போட்டிகளுக்குள் நுழையவே முடியாது. இதில் அடிக்கடி காணும் தோல்வி ஒரே மாதிரிதான் இருக்கும். முன் சக்கரங்கள் இரண்டும் கறுப்புக் கோடு போட்டபடி நிற்கும், பின் சக்கரங்கள் சாவகாசமாக உருண்டு வந்து கடைசியில் நிற்கும். டிசைன் ரிப்போர்ட்டைப் புரட்டினால் பின் பிரேக்குக்குக் கணக்குப்படி ஒன்றரை மடங்கு பலம் இருக்கும். இந்த முரண்பாடு எங்கிருந்து வருகிறது என்பதே இந்த ஆய்வு.

விதியில் இந்த விஷயத்துக்கு வேண்டிய பகுதி சுருக்கமானது. எல்லாச் சக்கரங்களிலும் ஹைட்ராலிக் பிரேக் வேலை செய்ய வேண்டும், ஒரே கால் பெடலால் இயங்க வேண்டும், குறைந்தது இரண்டு தனித்தனி சர்க்யூட் வேண்டும், பிளாஸ்டிக் பிரேக் லைன் கூடாது. பின் அச்சில் பிரேக் ஃபைனல் டிரைவ் (சக்கரத்துக்கு உந்துவிசை தரும் கடைசிக் கட்டம்) வழியாக வேலை செய்ய வேண்டும். சக்கரத்துக்கு வெளியே, கியர்பாக்ஸ் பக்கத்தில் டிஸ்க்கை வைத்து யுனிவர்சல் ஜாயின்ட் வழியாகப் பிடிக்கலாம். கியர் குறைப்புக்கு முன் இடையில் சுழலும் தண்டான ஜாக்‌ஷாஃப்ட்டில் வைத்துப் பிடிக்கக் கூடாது. அந்தத் தடை இல்லையென்றால் எல்லோரும் அங்கேதான் வைப்பார்கள். கியர் குறைப்புக்கு முன்னால் பிடித்தால் டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்க ஒரு ஸ்கூட்டர் காலிப்பர்கூடப் போதும். ஆனால் பிரேக்குக்கும் சக்கரத்துக்கும் நடுவே ஒரு பல் உடைந்தால் பிரேக்கே இல்லாமல் போகும்.

ஆய்வுக்கு எடுத்துக்கொள்வது இந்திய அணிகள் வழக்கமாகக் கட்டும் அளவிலான ஒரு மாதிரி வண்டி. ஓட்டுநரோடு எடை 250 கிலோ, வீல்பேஸ் 1400 மி.மீ, புவியீர்ப்பு மையத்தின் உயரம் 550 மி.மீ. நிற்கும்போது எடையில் 42 சதவீதம் முன்னே, 58 சதவீதம் பின்னே. 23 அங்குல டயர், எடை ஏறியபின் அதன் ஆரம் 280 மி.மீ. கியர்பாக்ஸில் இரண்டு பின் சக்கரங்களையும் ஒன்றாகவே சுழற்றும் ஸ்பூல்; தனித்தனி வேகத்தில் சுழலவிடும் டிஃபரன்ஷியல் கிடையாது. அதன் அவுட்புட் ஷாஃப்ட்டில் ஒரே ஒரு பின் டிஸ்க். ஒரே டிஸ்க் இரண்டு பின் சக்கரங்களையும் பிடிப்பது ஸ்பூல் இருப்பதால்தான். ஓப்பன் டிஃபரன்ஷியல் போட்ட வண்டியில் இந்த அமைப்பு செல்லாது. அதற்கு இரண்டு டிஸ்க் வேண்டும்.

காகிதத்தில் சரியாக வரும் கணக்கு

கான்கிரீட்டில் இந்த மாதிரி டயருக்கு உராய்வுக் கெழு 0.7 என்று வைத்துக்கொள்வோம். 0.7 ஜி (புவியீர்ப்பு முடுக்கத்தில் 0.7 பங்கு) வேகக் குறைவில் முன்பக்கம் மாறும் எடை 674 நியூட்டன். பின் அச்சில் நிற்கும்போது இருந்த 1422 நியூட்டன் 748-ஆகச் சுருங்குகிறது. கிட்டத்தட்ட பாதி போய்விடுகிறது. முன் அச்சு 1030-லிருந்து 1704-க்கு ஏறுகிறது. லாக் ஆக வேண்டிய டார்க் (திருக்குவிசை) முன்னே இரண்டு சக்கரத்துக்கும் சேர்த்து 334 நியூட்டன் மீட்டர் (இனி நி.மீ), பின்னே 147 நி.மீ.

இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. தரையின் பிடிமானம் கூடக்கூட முன் பிரேக்கின் தேவை ஏறிக்கொண்டே போகும். பின் பிரேக்குக்கு அப்படி இல்லை. கெழு 0.4 என்றால் பின்னுக்கு 116 நி.மீ, 0.6-இல் 142, 0.7-இல் 147; 0.8-இல் 146. அதன்பின் குறையத் தொடங்கும். பிடிமானம் கூடுகிற அதே வேகத்தில் பின் சக்கரத்தின் மேலுள்ள எடை முன்னே ஓடிவிடுவதே காரணம். ஆக, டயர் பிடிமானத்தை மட்டும் பார்த்தால் இந்த வண்டியின் பின் பிரேக்குக்கு எந்தத் தரையிலும் 150 நி.மீ-க்கு மேல் தேவையே இல்லை.

இப்போது பிரேக் தருவது எவ்வளவு என்று பார்ப்போம். பெடல் விகிதம் 6:1, காலின் விசை 400 நியூட்டன், அதாவது சுமார் 41 கிலோ. பெடல் பிவட், ரிட்டர்ன் ஸ்பிரிங், சீல் உராய்வுக்கு 15 சதவீதம் கழித்தால் மாஸ்டர் சிலிண்டரைத் தள்ளும் கம்பியான புஷ்ராடில் 2040 நியூட்டன். பல அணிகள் மாருதி 800-இன் டேண்டம் (ஒரே துளையில் இரண்டு அறை கொண்ட) மாஸ்டர் சிலிண்டரைத்தான் வாங்குகின்றன. துளை 19.05 மி.மீ என்று கணக்கில் வைத்துள்ளோம். வாங்கியதைப் பிரித்து அளந்தபின் எழுதுவதே நல்லது. பரப்பு 285 சதுர மி.மீ. அழுத்தம் 72 பார். டேண்டமில் இரண்டு அறைகளும் ஏறக்குறைய ஒரே அழுத்தம் காணும். விசையைப் பங்கிடும் பயாஸ் பாருடன் இரண்டு தனி சிலிண்டர் போட்டால் விசை இரண்டாகப் பிரியும். டேண்டம் கணக்கை அப்படியே நகலெடுத்தால் பாதி அழுத்தத்தை இரு மடங்காகக் காட்டிவிடும்.

பின்னே ஒற்றைப் பிஸ்டன் ஃப்ளோட்டிங் (பக்கவாட்டில் நகரும்) பைக் காலிப்பர், பிஸ்டன் விட்டம் 27 மி.மீ. டிஸ்க் 180 மி.மீ; பேட் பிடிக்கும் சராசரி ஆரம் 76 மி.மீ. பேடின் உராய்வுக் கெழு 0.35. இதிலிருந்து வரும் பின் டார்க் 218 நி.மீ. தேவை 147, இருப்பு 218. பாதுகாப்புக் காரணி ஏறக்குறைய 1.5. ரிப்போர்ட் இத்தோடு அடுத்த அத்தியாயத்துக்குப் போய்விடும்.

விடுபட்ட வரி

சக்கரத்தை நிறுத்த, டயர் தரும் இழுவையை வென்றால் மட்டும் போதாது. சுழலும் பொருளையும் நிறுத்தியாக வேண்டும். முன் சக்கரத்தில் சுழல்வது டயர், ரிம், ஹப் மட்டுமே. பின்னே டயரோடு ஆக்சில், கியர்பாக்ஸ், சிவிடி-யின் (பெல்ட்டால் இயங்கும் கியர் மாற்றியின்) செகண்டரி புல்லி எல்லாம் சேர்ந்து சுழல்கின்றன. செகண்டரி 3.5 கிலோ, ஆரம் 10 செ.மீ என்றால் அதன் சுழல் நிலைமம் 0.0175 கிலோ சதுர மீட்டர். பார்க்கச் சின்ன எண்தான். ஆனால் கியர் குறைப்பு 9 என்றால் சக்கரத்தின் அச்சில் அது 81 மடங்காகத் தெரியும்: 1.42. இரண்டு பின் சக்கரங்களின் நிலைமமே சேர்த்து 0.8 அளவில்தான் இருக்கும். சக்கரத்தைவிடப் புல்லி கனம் என்று பின் பிரேக்குக்குத் தோன்றும்.

வண்டி 35 கி.மீ வேகத்திலிருந்து 0.7 ஜி-யில் நிற்க 1.4 நொடி ஆகும். லாக் ஆனது டெஸ்ட் நடத்துபவர் கண்ணுக்குத் தெரிய வேண்டுமானால் சக்கரம் அதில் பாதி நேரத்திலாவது நின்றிருக்க வேண்டும். 0.7 நொடியில் மொத்தம் 2.2 நிலைமத்தை நிறுத்தத் தேவையான டார்க் 110 நி.மீ. 147-உடன் சேர்த்தால் 257. பிரேக்கிடம் இருப்பது 218. சக்கரம் உருண்டதில் வியப்பில்லை.

வேகத்தைக் குறைத்து ஓட்டினால் தப்பலாம் என்று நினைக்கலாம். 20 கி.மீ-இல் சக்கரத்தின் வேகமும் குறைவு, வண்டி நிற்கும் நேரமும் அதே விகிதத்தில் குறைவு. தேவையான டார்க் மாறாது. இஞ்சின் பக்கமும் பார்க்க வேண்டும். ஆக்சிலரேட்டரை விட்டதும் இஞ்சின் இழுத்துப் பிடிப்பது பின் பிரேக்குக்கு உதவிதான். அதை நம்பிக் கணக்கெழுதக் கூடாது. த்ராட்டில் கேபிள் மண்ணேறி மெதுவாகத் திரும்பினால், அதே இஞ்சின் பெல்ட் வழியாகப் பிரேக்குக்கு எதிராகத் தள்ளும்.

முன்பக்கம் இன்னொரு சிக்கலை உண்டாக்கியிருக்கிறது. முன் காலிப்பர் ஒவ்வொன்றிலும் 25.4 மி.மீ பிஸ்டன் இரண்டு, சராசரி ஆரம் 72 மி.மீ. 400 நியூட்டன் காலுக்கு முன் அச்சின் டார்க் 731 நி.மீ. சக்கர நிலைமத்தையும் சேர்த்து முன்னுக்குத் தேவை 374. அதாவது 205 நியூட்டனிலேயே முன் சக்கரங்கள் லாக். பின்னுக்கு 472 நியூட்டன் வேண்டும், இரு மடங்குக்கும் மேல். முன் டயர் கிறீச்சிட்ட கணத்தில் ஓட்டுநருக்கு வேலை முடிந்தது போலிருக்கும். கால் அதற்குமேல் அழுத்தாது. இன்னும் பலமாக மிதி என்று டிராக் ஓரத்தில் நின்று கத்துவதால் 472 வந்துவிடாது.

கணக்கு வண்டியில் இருக்கிறதா

பாகத்தை மாற்றுவதற்கு முன் 218 என்ற எண்ணாவது உண்மையில் கிடைக்கிறதா என்று பார்க்க வேண்டும். பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, பின் ஹப்பில் ஒரு மீட்டர் நீளக் குழாயைப் போல்ட் போட்டு மாட்டுங்கள். பெடலுக்கும் காலுக்கும் நடுவே எடை பார்க்கும் தட்டை வைத்து 41 கிலோ காட்டும்வரை அழுத்திப் பிடிக்க வேண்டும். குழாயைப் படுக்கைவாட்டில் நிறுத்தி, அதன் நுனியைக் கொக்கித் தராசால் மேல்நோக்கி இழுங்கள். டிஸ்க் நழுவத் தொடங்கும் நேரத்தில் தராசு 22 கிலோ காட்டினால் 218 நி.மீ இருக்கிறது. குழாயின் சொந்த எடையையும், பெடலை விட்ட நிலையில் சக்கரத்தைத் திருப்ப வேண்டிய இழுப்பையும் முதலில் அளந்து கழித்துக்கொள்ளுங்கள். 16 கிலோவில் நழுவினால் பேட் இன்னும் படியவில்லை என்று பொருள். டிஸ்க்கோடு படியாத புதுப் பேடின் கெழு 0.25 அளவுக்கு இறங்கும். டார்க் 156-க்கு வந்துவிடும். 30-லிருந்து 10 கி.மீ வரை முப்பது தடவையாவது இடைவெளி விட்டு நிறுத்திப் படியவைக்காமல் டெஸ்ட்டுக்குப் போவது வீண்.

அடுத்தது அழுத்தம். பின் காலிப்பரில் காற்றை வெளியேற்றும் பிளீட் நிப்பிளைக் கழற்றி, அதே திரெட்டுக்கு ஒரு அடாப்டர் போட்டு, 160 பார் வரை காட்டும் கிளிசரின் கேஜ் மாட்டுங்கள். 41 கிலோ காலுக்கு 72 பார் வர வேண்டும். 55 பார்தான் வந்தால் டார்க் 167-க்கு இறங்கியிருக்கும். காரணம் மூன்றில் ஒன்றாக இருக்கும்.

முதலாவது காற்று. பின் லைன்தான் மிக நீளம். அது ரோல் கேஜின் குறுக்குக் குழாய் மேல் ஏறி இறங்கும் இடத்தில் காற்று நிற்கும். அதைவிட மோசம், பைக்குக்குச் செய்த காலிப்பரைக் கியர்பாக்ஸில் தலைகீழாக மாட்டுவது. நிப்பிள் கீழே போய்விட்டால் எத்தனை பாட்டில் ஆயில் ஊற்றினாலும் மேலே இருக்கும் குமிழ் வெளியே வராது. காலிப்பரைக் கழற்றி நிப்பிள் மேலே வரும்படி பிடித்து, பேட்களுக்கு நடுவே டிஸ்க்கின் தடிமனுக்கு ஒரு தகட்டைச் செருகி பிளீட் செய்து மறுபடி மாட்ட வேண்டும். தகடு இல்லாமல் பெடலை மிதித்தால் பிஸ்டன் வெளியே வந்துவிடும்.

இரண்டாவது, பெடல் முட்டுவது. பெடல் தரையிலோ ஸ்டாப் போல்ட்டிலோ முட்டிவிட்டால் அழுத்தம் அங்கேயே நிற்கும். எவ்வளவு மிதித்தாலும் கேஜ் முள் அசையாது. ஒரு சர்க்யூட் போனாலும் மற்றொன்று பிடிக்க வேண்டும் என்பதால் பெடலுக்கு அதற்கான கூடுதல் ஓட்டமும் வேண்டும். ஒரு நிப்பிளைத் திறந்துவைத்து மிதித்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

மூன்றாவது, வளைவது. 400 நியூட்டன் காலுக்குப் புஷ்ராடு மாஸ்டர் சிலிண்டரை 2040 நியூட்டனில் தள்ளுகிறது. சிலிண்டர் உட்கார்ந்த தகடு மெலிதாக இருந்தால் அது முன்னே வளையும். போல்ட் தலையில் டயல் கேஜ் வைத்துப் பாருங்கள், அரை மி.மீ அசைந்தால் காலில் 3 மி.மீ ஓட்டம் வீண். புஷ்ராடுக்கும் பிஸ்டனுக்கும் 1 முதல் 2 மி.மீ இடைவெளி இருப்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள். இடைவெளியே இல்லாமல் திருகி வைத்தால் ஈடுசெய் துளை மூடிக்கொள்ளும். ஆயில் சூடேறி விரியும்போது பிரேக் தானாகப் பிடித்துக்கொண்டு, ஓட ஓட வண்டி கனக்கும்.

மாற்றியது

அழுத்தம் 72 பார் வருகிறது, பேட் படிந்துவிட்டது, இருந்தும் பின் லாக் இல்லை என்ற நிலையில்தான் பாகத்தில் கைவைக்க வேண்டும். பெடல் விகிதத்தைக் கூட்டுவது இங்கே பயன் தராது. முன்னும் சேர்ந்து ஏறும், இடைவெளி அப்படியே இருக்கும். டிஸ்க்கை 200 மி.மீ-க்குப் பெரிதாக்கினால் பின் டார்க் 247-க்கு வரும். அப்போதும் 257-ஐத் தொடாது, கியர்பாக்ஸ் அடியில் இடமும் இருக்காது.

பின் காலிப்பரை 32 மி.மீ பிஸ்டன் உள்ளதாக மாற்றினால் 306 நி.மீ கிடைக்கும். கூடுதல் ஆயிலால் பெடல் ஓட்டம் 2 மி.மீ மட்டுமே கூடும். முன் காலிப்பர்களை 30 மி.மீ ஒற்றைப் பிஸ்டனாகக் குறைத்தால் முன் டார்க் 510-க்கு இறங்கும். தேவை 374 என்பதால் இன்னும் மிச்சம் உண்டு. பெடல் ஓட்டம் 5 மி.மீ மிச்சமாகி, கால் வைத்ததும் கெட்டியாக நிற்கும். இப்போது சடார் என்று மிதித்தால் முன் லாக் 293 நியூட்டனில், பின் லாக் 336-இல். ஒரே மிதியில் நான்கும் பிடிக்கும். முன் பிரேக்கைக் குறைக்க அணிகளுக்கு மனம் வராது. இந்த வண்டிக்கு மருந்து பாதி அதில்தான் இருக்கிறது.

மெதுவாக மிதித்தால் என்ன ஆகும் என்பதையும் பார்த்தாக வேண்டும், ஏனென்றால் பின் சக்கரம் முதலில் லாக் ஆனால் வண்டி வால் சுழலும். மெதுவாக மிதித்தால் சக்கரமும் வண்டியோடு சேர்ந்தே மெதுவாகும், அதனால் நிலைமத்துக்கான டார்க் குறைவு. இறுகிய மண்ணில், கெழு 0.6-இல், முன் லாக் 225 நியூட்டன், பின் 246. இளமண்ணில், 0.4-இல், முன் 133, பின் 192. போட்டி ஓடும் தரையில் முன் சக்கரமே முதலில் போகிறது, அதுதான் வேண்டியது. கான்கிரீட்டில், 0.7-இல், பின் 263, முன் 277 என்று வரிசை மாறுகிறது. இஞ்சின் இழுப்பும் சேர்ந்தால் பின் இன்னும் சற்று முந்தும். டெஸ்ட்டின் கான்கிரீட்டில் நேர்கோட்டில் நிறுத்துவதற்கு இது பாதகமில்லை. தார்ச் சாலையில் ஓட்ட வேண்டிய வண்டியென்றால் பின் லைனில் ஒரு அழுத்தம் குறைக்கும் வால்வு இல்லாமல் இந்த அமைப்பை ஒப்புக்கொள்ள முடியாது.

சூடும் ஆட்டமும்

நான்கு மணி நேர எண்டூரன்ஸ் ஓட்டத்தில் பின் டிஸ்க்கின் சூட்டைக் கவனித்துக்கொள்ள வேண்டும். 40 கி.மீ-லிருந்து ஒருமுறை நின்றால் பின் டிஸ்க்குக்குள் போகும் ஆற்றல், சுழலும் பாகங்களையும் சேர்த்து, சுமார் 7.5 கிலோஜூல். 4 மி.மீ தடிமன், 180 மி.மீ வெளிவிட்டம், 110 மி.மீ உள்விட்டம் உள்ள எஸ்எஸ் 410 (துருப்பிடிக்காத எஃகு) வளையம் அரைக் கிலோதான். ஒரு நிறுத்தத்துக்கு 33 டிகிரி ஏறும். அடுத்தடுத்து ஐந்து திருப்பம் வந்தால் கணக்குப் போட்டுக்கொள்ளலாம். கியர்பாக்ஸ் ஓரம் காற்று குறைவு. அதன் மேல் மண் தடுப்புத் தகடும் போட்டுவிட்டால் இன்னும் குறைவு. டாட் 3 பிரேக் ஆயில் புதிதாக 205 டிகிரியில் கொதிக்கும், ஈரம் இழுத்தபின் 140-இல். டாட் 4-க்கு அவை 230, 155. ஒரு பருவம் முழுக்க ரிசர்வாயரில் கிடந்த ஆயிலோடு போட்டிக்குப் போனால் இரண்டாம் மணியில் பெடல் ஸ்பஞ்சாகும். டாட் 4-ஐப் புது டப்பாவிலிருந்து, போட்டிக்கு முந்தைய வாரம் மாற்றுவது நல்லது. டிஸ்க்கில் அதிகம் துளை போட்டு எடையைக் குறைப்பது சூட்டைத் தாங்கும் இரும்பையும் சேர்த்துக் குறைப்பதுதான்.

அவுட்புட் ஷாஃப்ட்டின் பக்கவாட்டு ஆட்டம் இன்னொரு தொல்லை. பேரிங்கில் கால் மி.மீ ஆட்டம் இருந்தால், மேடு பள்ளத்தில் டிஸ்க் அங்குமிங்கும் தள்ளி பேட்களைப் பிஸ்டனோடு பின்னே அழுத்திவிடும். அடுத்த மிதி வெறுமையாக இறங்கும், இரண்டாவது மிதியில்தான் பிடிக்கும். மாஸ்டர் சிலிண்டரைக் குறை சொல்லி மாற்றுவதற்கு முன், டிஸ்க் விளிம்பைக் கையால் உள்ளும் புறமும் அசைத்துப் பாருங்கள். காலிப்பர் பிராக்கெட் 6 மி.மீ மைல்டு ஸ்டீலுக்குக் குறையக் கூடாது, அதுவும் கியர்பாக்ஸ் உறையில் குறைந்தது இரண்டு போல்ட்டில் நிற்க வேண்டும். ஒரே போல்ட்டில் தொங்கும் பிராக்கெட் பிரேக் பிடிக்கும்போது திருகி, பேடை ஆப்பு வடிவில் தேய்க்கும். ஸ்லைடு பின்களை ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் கழற்றிச் சிலிகான் கிரீஸ் போட்டு, ரப்பர் பூட் கிழிந்திருந்தால் மாற்றிவிட வேண்டும். மண் புகுந்து ஸ்லைடு பின் இறுகினால் ஃப்ளோட்டிங் காலிப்பர் மிதக்காது. ஒரு பேட் மட்டும் தேய்ந்து, 306 என்று எழுதியது 200-ஐத் தொடாமல் போகும்.

ஆக்சிலை இணைக்கும் மூட்டான சிவி ஜாயின்ட்டும் ஆக்சிலும் இந்த அமைப்பில் பிரேக்கின் பாகம்தான். ஒரு பக்க ஆக்சில் உடைந்தால் அந்தச் சக்கரத்துக்கு உந்துவிசை மட்டுமல்ல, பிரேக்கும் போய்விடும். ஆக்சில் கிளிப், பூட், ஸ்பிளைன் தேய்மானம் ஆகியவற்றை டிரைவ்டிரெயின் ஆட்களின் பட்டியலில் மட்டும் விட்டுவிடாமல் பிரேக் பார்ப்பவரின் பட்டியலிலும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.